அளவே ஆற்றல்

1837ஆம் ஆண்டு, இலண்டன் பாடிங்டன் கால்வாயில், பிரான்சிஸ் பெட்டிட் சுமித் என்பவர் தாம் அமைத்த சிறு படகைச் செலுத்திப் பார்த்தார். இரண்டு முழுச் சுற்றுகள் கொண்ட மரத்திருகு ஒன்று அதன் உந்துவிசிறியாகச் சுழன்றது. ஓட்டத்தின்போது அத்திருகின் பாதி முறிந்து போயிற்று. படகு தளர்ந்துவிடும் என்றே எவரும் எண்ணுவர்; அதுவோ முன்னினும் விரைந்து சென்றது. பெரியதே வலியது என்னும் எண்ணத்தை நீர் அன்றே மறுத்துவிட்டது. எனினும், அவ்வெண்ணம் நம்மிடமிருந்து இன்னும் அகலவில்லை.

உந்துவிசிறிக்கு இரண்டு அளவுகள் இன்றியமையாதவை. ஒன்று, இதழ்களின் நுனிகள் வரையும் வட்டத்தின் விட்டம். மற்றொன்று, புரியிடைத்தூரம்; அதாவது, மரத்துள் இறங்கும் திருகாணியைப் போல விசிறி வழுக்காமல் முன்னேறினால் ஒரு சுற்றில் கடக்கும் தொலைவு. பொறியின் சுழற்சியைக் குறைத்து, திருப்புவிசையைக் கூட்டி விசிறிக்கு அளிப்பது கியர் பெட்டி. பொறி நிமிடத்திற்கு 1800 முறை சுழல, கியர் விகிதம் மூன்றுக்கு ஒன்றாயின், விசிறி 600 முறை சுழலும். பொறி, கியர் பெட்டி, விசிறி ஆகிய மூன்றும் இசைந்திருந்தால்தான் எரிபொருளின் ஆற்றல் படகின் ஓட்டமாக மாறும்.

இவ்விசைவு கெட்டால் என்னாகும்? வடிவம் மாறாமல் விசிறியை 10 விழுக்காடு பெரிதாக்கி, அதே வேகத்தில் சுழற்ற முயன்றால், ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதல் திறன் தேவைப்படும். தேவைப்படும் திறன், விட்டத்தின் ஐந்தாம் அடுக்கிற்கேற்ப உயர்வதே இதற்குக் காரணம். அச்சுமையைத் தாங்காத டீசல் பொறி தனக்குரிய சுழற்சியை எட்டாது, எரிபொருள் முழுதும் எரியாமல் கரும்புகையாகும், பொறி சூடேறும், கியர் பெட்டியின் கிளட்ச் தட்டுகள் விரைவில் தேயும். விசிறி மிகச் சிறுத்தாலோ, பொறி வரம்பு மீறிச் சுழலும். இரைச்சல் பெருகும், உந்துதல் பெருகாது.

ஆகவே, படகு விரையவில்லை என்றவுடன் பெரிய பொறியை நாடுவது தவறு. முதலில் விசிறியை அளந்து பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. தலைமுறைகளின் பட்டறிவு போதாதா என்று சிலர் வினவலாம். கடலை அறியப் பட்டறிவைவிடச் சிறந்த ஆசான் இல்லை. ஆனால், பக்கத்துப் படகின் விசிறி நம் படகிற்கு அளவுகோல் ஆகாது. மெல்ல வலையிழுக்கும் விசைப்படகிற்குப் பெரிய விட்டமும் குறைந்த புரியிடைத்தூரமும் ஏற்றவை. விரைந்தோடும் இலகுவான படகிற்கு நீண்ட புரியிடைத்தூரம் வேண்டும். வழக்கமான சுமையை ஏற்றி, படகை முழு விசையில் செலுத்தி, பொறி தனக்கெனக் குறிக்கப்பட்ட சுழற்சியை எட்டுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

சாலையில் பழுதடையும் வண்டியை ஓரமாக நிறுத்திவிடலாம். நடுக்கடலில் கியர் பெட்டி உடைந்தால், அப்படகில் உள்ளோர் அலையின் போக்கிற்கே விடப்படுவர். கடனாக வாங்கிய டீசல் புகையாகிப் போவதும் அவர்களுக்குச் சிறிய இழப்பன்று. வகுப்பறையில் நாம் கற்கும் விட்டமும் விகிதமும் அடுக்கும் தேர்வுத்தாளோடு நின்றுவிடாமல், துறைமுகத்துப் பட்டறை வரை செல்லட்டும். அளந்து பொருத்திய ஒரு விசிறி, மீனவரின் பொருளையும் காக்கும், உயிரையும் காக்கும்.