சாப்பாட்டு மேசையில் ஒரு துப்பாக்கிக் கடை

அமெரிக்காவிலே வீட்டிலிருந்தபடியே துப்பாக்கி வியாபாரம் செய்யலாமாமே, அது மெய்தானா என்று வாசக மாணவர் ஒருவர் நம்மிடம் வினவியிருக்கின்றார். மெய்தான். அவ்வாறு செய்வோர்க்குக் 'குசினி மேசை வியாபாரிகள்' என்று அந்நாட்டில் ஒரு பட்டப்பெயரே வழங்குகின்றது. வாசலிற் பெயர்ப்பலகை இராது; கண்ணாடி அலுமாரியும் இராது. குடும்பத்தவர் உண்டெழுந்த மேசையிலேயே வியாபாரம் நடக்கும். கேட்பதற்கு விளையாட்டாகத் தோன்றும் இதனைச் சற்று ஆராயப் புகுந்தால், அதற்கென அரசாங்கம் வழங்கும் அனுமதிப்பத்திரம் விற்கும் உரிமையைக் காட்டிலும் எழுதும் கடமையையே பெரிதாகச் சுமத்துவதைக் காணலாம்.

எழுதுவதால் யாது பயன் என்போர்க்கு ஒரு பழைய நிகழ்ச்சியைக் கூறுவோம். 1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் டல்லாஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். பாடசாலைப் புத்தகக் களஞ்சியமொன்றின் ஆறாம் மாடியில் இத்தாலிய இராணுவத்தின் பழைய ரைபிள் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதன்மீது சி2766 என்ற இலக்கம் பொறிக்கப்பட்டிருந்தது. அந்த இலக்கத்தையே பற்றுக்கோடாகக் கொண்டு எப்.பி.ஐ. உத்தியோகத்தர் புறப்பட்டனர். இறக்குமதி செய்தவரின் ஏடுகள் சிக்காகோவிலிருந்த க்ளைன்ஸ் என்னும் கடையைக் காட்டின. கடையினர் இரவெல்லாம் விழித்திருந்து, நுண்படச் சுருள்களிற் பதிந்திருந்த பழைய கட்டளைகளைத் தேடினர். பொழுது புலருமுன் தேடியது அகப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், 'ஹிடல்' என்னும் பொய்ப்பெயரில், டல்லாஸ் தபாற்பெட்டி ஒன்றுக்கு அனுப்பக் கேட்ட கட்டளை அது. தொலைநோக்கியுடன் ரைபிளின் விலை 19 டொலர் 95 சதம். அனுப்புகூலி ஒன்றரை டொலர். அக்கையெழுத்து லீ ஹார்வி ஒஸ்வால்டினுடையதே என நிபுணர் கண்டனர்.

பத்திரிகையில் வந்த விளம்பரத் துண்டை வெட்டி நிரப்பிப் பணத்துடன் அனுப்பினால், துப்பாக்கி தபாலில் வந்து சேரும் காலம் அது. 1968இல் ஏப்ரலில் மாட்டின் லூதர் கிங்கும் யூனில் றொபேட் கென்னடியும் கொலையுண்ட பின்னரே, அவ்வாண்டு ஒக்டோபர் 22ஆம் நாள் ஜனாதிபதி ஜோன்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற் கையொப்பமிட்டார். வேறு மாநிலத்திலிருந்து தனியாள் ஒருவரின் வீட்டுக்கு நேரே துப்பாக்கி அனுப்புதல் அதனால் தடைப்பட்டது. இடையில் அனுமதி பெற்ற வியாபாரி ஒருவர் நின்றே தீரல் வேண்டும்.

குசினி மேசை வியாபாரிக்கு வாழ்வளித்ததும் இத்தடையே. இன்று ஒருவர் இணையத்தில் தொலைதூரக் கடையொன்றிடம் துப்பாக்கி வாங்கினாலும், அது அவரது ஊரிலுள்ள அனுமதி பெற்ற வியாபாரிக்கே வந்து சேரும். வியாபாரி அதனை ஏட்டிற் பதிந்து, வாங்குபவரைச் சோதிப்பித்து, கூலி பெற்றுக் கைமாற்றுவார். வீட்டு வியாபாரிகள் பலருக்கு இதுவே முதன்மையான வருவாய்.

நிற்க. அனுமதிப்பத்திரம் பெறும் வழி யாது? விண்ணப்பிப்பவர் 21 வயது நிரம்பியவராதல் வேண்டும். பாரிய குற்றத்துக்குத் தீர்ப்பளிக்கப்பட்டவர் முதலிய சிலருக்குச் சட்டம் இடந்தராது. விண்ணப்பத்துடன் புகைப்படமும் விரலடையாளமும் 200 டொலரும் அனுப்பி, அதன் பிரதியொன்றை உள்ளூர்ப் பொலிஸ் தலைவருக்கும் கொடுத்தல் வேண்டும். இது தகவலுக்காகவே, அவருடைய சம்மதம் கேட்பதற்கன்று. பின்னர் நீதித் திணைக்களத்தின் கீழுள்ள ஏ.ரி.எப். என்னும் பணியகத்தின் உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுக்கே வந்து அமர்ந்து, எங்கே வைப்பீர், எவருக்கு விற்பீர், எந்நேரம் திறந்திருப்பீர் என்று உசாவுவார். விண்ணப்பம் குறைவின்றி இருப்பின் 60 நாட்களுள் முடிவு கூறுதல் வேண்டுமென்பது சட்டம். பத்திரம் மூன்றாண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிப்பதற்கு 90 டொலர்.

பலர் இடறி விழுவது இங்கெல்லாம் அன்று. தம் ஊரின் நகரசபையிலேதான். குடியிருப்புப் பகுதியிற் கடை நடத்தலாகாதென நகரசபை விதித்திருந்தால், மத்திய அரசாங்கம் அதனை மீறிப் பத்திரம் வழங்காது. வாடகை வீட்டில் இருப்பவருக்கு வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டியிருக்கும். சில மாநிலங்கள் தமக்கென வேறொரு பத்திரமும் கேட்கும்.

முன்னாளில் இத்தனை கண்டிப்பு இருந்ததில்லை. 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டணம் ஒரு டொலர். 1968இல் அது ஆண்டுக்குப் பத்து டொலராயிற்று. பத்து டொலருக்கு மொத்த விலையில் துப்பாக்கி வாங்கும் வசதி கிடைக்குமாயின் யார்தான் வேண்டாமென்பர்? வியாபாரம் செய்யும் எண்ணமே இல்லாத எத்தனையோ பேர் தம் சொந்த விருப்புக்காகப் பத்திரம் பெற்று வைத்திருந்தனர். 1993இல் அனுமதி பெற்றோர் தொகை இரண்டரை இலட்சத்துக்கு மேலாயிருந்தது. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் கட்டணம் உயர்ந்து, விரலடையாளமும் உள்ளூர் விதிகளுக்கு அமைதலும் கட்டாயமான பின்னர், அத்தொகை சில ஆண்டுகளிற் பாதியிலும் தாழ்ந்தது. பணத்துக்கு அஞ்சி விலகினோரிலும், வாசலில் வந்து நிற்கும் உத்தியோகத்தருக்கு அஞ்சி விலகினோரே அதிகம் என்பது நம் ஊகம்.

இனி அந்த ஏட்டுக்கு வருவோம். தாள்களைக் கழற்ற இயலாதபடி கட்டப்பட்ட பேரேடு ஒன்று வியாபாரியிடம் இருத்தல் வேண்டும். இந்நாளிற் கணினியில் வைத்திருப்போரும் உளர். வந்த துப்பாக்கியின் ஆக்கியோன், மாதிரி, இலக்கம், குழாயளவு, தந்தவர் பெயர் ஆகியவற்றை மறு வேலைநாள் முடியுமுன் பதிதல் வேண்டும். விற்றதனை ஏழு நாட்களுள் எழுதுதல் வேண்டும். வாங்குபவர் 4473 என்னும் பத்திரத்தை நிரப்பிக் கையொப்பமிடுவார். அவரது பெயரை எப்.பி.ஐ. சோதனைக்கு அனுப்பும் முறை 1998 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இப்பத்திரங்களை முன்பு 20 ஆண்டுகள் வைத்திருந்தாற் போதும். 2022இல் விதி திருத்தப்பட்டு, வியாபாரம் நடக்கும் காலம் முழுவதும் வைத்திருத்தல் வேண்டுமென்றாயிற்று. ஏதேனும் ஒரு துப்பாக்கி களவுபோயின் 48 மணித்தியாலத்துள் அறிவித்தல் வேண்டும். ஆண்டுக்கொரு முறை, நீதிமன்றக் கட்டளை இன்றியே உத்தியோகத்தர் வந்து ஏட்டையும் இருப்பையும் ஒப்புநோக்கலாம். இத்தொழிலைத் தெரிந்து கொள்பவர் இச்சோதனையையும் அறிந்தே ஏற்கிறார் என 1972இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைக்காரருக்கு இது பெரிதன்று. பிள்ளைகள் பாடம் படிக்கும் அறையும் வியாபார இடமும் ஒன்றாயிருக்கும் வீட்டிலோ அதன் பாரம் வேறு.

பிள்ளைகள் என்றதும் நமக்கு ஒரு குறை தோன்றுகின்றது. வாங்குவோருக்குப் பூட்டோ பாதுகாப்புப் பெட்டியோ தம்மிடம் கிடைக்குமென வியாபாரி உறுதி கூறுதல் வேண்டும். 2005இல் ஆக்கப்பட்ட சட்டத்தின்படி கைத்துப்பாக்கி விற்கும்போது பூட்டும் உடன் கொடுத்தல் வேண்டும். ஆயின் வியாபாரி தம் இருப்பை எவ்வாறு பூட்டி வைத்தல் வேண்டுமென மத்திய சட்டம் விதிக்கவில்லை. அதனைச் சில மாநிலங்களே விதித்துள்ளன. ஏட்டில் ஓர் இலக்கம் பிழைத்தாற் குற்றம். திறப்பைக் கதவில் விட்டுச் செல்வது தாயும் தந்தையும் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம்! இந்த அளவுகோல் எமக்கு விளங்கவில்லை.

எங்கோ ஒரு தெருவிற் கொலை நிகழ்ந்து துப்பாக்கி கைப்பற்றப்பட்டால், இன்றும் 1963இற் போலவே தேடுகின்றனர். துப்பாக்கி உடையோர் யாவரையும் காட்டும் மத்திய பதிவேடு அந்நாட்டில் இல்லை. அவ்வாறொன்றை உண்டாக்கலாகாதென 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது. ஆதலின் ஆக்கியோனைக் கேட்டு, அவர் காட்டும் மொத்த வியாபாரியைக் கேட்டு, ஈற்றிற் குசினி மேசை வியாபாரியின் தொலைபேசி ஒலிக்கும். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம், பிள்ளையின் பிறந்தநாள் விழாவாகவும் இருக்கலாம். 24 மணித்தியாலத்துள் ஏட்டைப் புரட்டி விடை கூறுதல் வேண்டும்.

தொழிலை விட்டுவிட்டால் 30 நாட்களுள் ஏடுகளையும் பத்திரங்களையும் அரசாங்கத்திடம் ஒப்படைத்தல் வேண்டும். அவை மேற்கு வேர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பேர்க் நகரிலுள்ள நிலையத்திற் சேர்கின்றன. அங்கே அவற்றைப் படமெடுத்து வைப்பர். ஆயின் பெயரைக் கொண்டு தேடும் வகையில் அமைத்தல் ஆகாது. தேவை வரும்போது உத்தியோகத்தர் அமர்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டியே அந்த இலக்கத்தைக் கண்டுபிடிக்கின்றனர்.