மிதிவெடியும் வாரியும்

மிதிவெடி அகற்றுதற்குப் பெரும் பொறிகளே வேண்டுமென எண்ணுவோர் பலர். வட இலங்கையின் அனுபவமோ வேறொன்றைக் காட்டிற்று. இங்கு புதைக்கப்பட்டவற்றுட் பல பிளாஸ்டிக் உடலும் அற்ப உலோகமும் உடையவை. அவற்றைக் காண, உலோகங்காட்டும் கருவியின் நுண்ணுணர்வைக் கூட்டவேண்டும். கூட்டினாலோ துருப்பிடித்த ஆணியும் வெற்றுத் தோட்டாவும் ஒலியெழுப்பும். ஒவ்வோர் ஒலிக்கும் மண்ணைக் கிளறவேண்டும்!

ஆகவே, தோட்டத்திற் குப்பை வாரும் வாரியை ஒத்ததொரு கருவியால் மண்ணைச் சிறிது சிறிதாக இழுத்து, வெடியைப் பக்கவாட்டில் வெளிப்படுத்தும் முறை இந்நாட்டிலேயே உருப்பெற்றது. மணற்பாங்கான நிலத்துக்கு இது மிகப் பொருத்தம். (நம்மூர்க் கைவண்ணம் நம்முட் பலருக்குத் தெரியாது.)

எனினும், எக்கருவியினும் மேலானது விசாரணை என்பதே நமது துணிபு. படத்தில் ஐயத்துக்குரியதெனக் குறித்த காணி யாவும் வெடியுள்ள காணி அன்று. மாடு மேய்ப்பவரையும் விறகு பொறுக்குபவரையும் கேட்டு எல்லையைச் சுருக்கியபின் வாரியை எடுத்தால், வெற்று மண்ணை வாரும் மாதங்கள் மிஞ்சும். இத்தனை சதுர மீற்றர் துப்புரவாயிற்று என்பதைவிட, எத்தனை குடும்பங்கள் தம் கிணற்றடிக்குத் திரும்பின என்பதையே பணம் உதவுவோர் கேட்கவேண்டும்.

முகமாலையின் நிலை வேறு. போர் முன்னரங்கு அங்கு 2009 வரை ஆண்டுக்கணக்கில் நிலைத்தமையால் வெடிகள் அடர்ந்து கிடந்தன. அங்குலம் அங்குலமாக வாருவதன்றி வழியில்லை. முகக்கவசத்துடன் வெயிலில் வாரியவருட் பெண்கள் பலர். போரிற் கணவனை இழந்தோரும் அவருள் உளர்.