ஆறாவதிலிருந்து ஐந்தாவதுக்கு பாஸ்!

பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுப்பவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். "ஸ்கோரிங் சப்ஜெக்ட்" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். அவர்களில் பலர் பி.காம். சேர்ந்தாலும் பார்ட் ஒன் மொழியாக அதையே தொடர்வார்கள். மார்க்கும் வந்துவிடும். ஆனால் "நேற்று கிளாஸில் என்ன நடந்தது?" என்று பிரெஞ்சில் கேட்டால்... மௌனம்!

இறந்தகாலம் ஒரு டேபிள், வரிசை எண்கள் இன்னொரு டேபிள் என்று மனப்பாடம் செய்வதன் விளைவு இது. இரண்டையும் பள்ளிக்கூட வாழ்க்கையை வைத்தே சொல்லிக் கொடுத்தால் என்ன?

வரிசை எண்களைப் பார்ப்போம். பிரான்ஸில் வகுப்புகளைப் பின்னோக்கி எண்ணுவார்கள். 11 வயதில் 'சிஸியெம்', அதாவது ஆறாவது. நம்மூரிலும் அந்த வயதில் ஆறாவதுதான். அடுத்த வருடம்? 'சாங்கியெம்', ஐந்தாவது! அப்புறம் காத்ரியெம், த்ருவாஸியெம், ஸெகோந்த், ப்ரெமியேர். நம்மூர் பிளஸ் ஒன், அங்கே 'முதலாவது'. கடைசி வருடத்துக்கு எண்ணே கிடையாது, 'தெர்மினால்' அவ்வளவுதான். டேபிளை மட்டும் படித்தவன், அந்தப் பையன் ஃபெயிலாகிக் கீழே போகிறான் என்றே நினைப்பான். தன் சொந்த வகுப்புகளை இப்படி ஒருமுறை எண்ணிப் பார்த்தவனுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

அடுத்து இறந்தகாலம். 'போனாள்', 'வந்தாள்' போன்ற சில வினைகளுக்கு 'ஏத்ர்' துணைவினையாக வரும். அப்போது போனது பெண் என்றால் எழுத்தில் ஓர் 'இ' கூடும். இங்கிலீஷ் வழியாகப் படிப்பவர்களுக்கு இது தலைவலி. 'போனான், போனாள்' என்று தினமும் பேசுகிற தமிழ்ப் பிள்ளைக்கு இதில் என்ன ஆச்சரியம்?

இன்னொன்று. "நேற்று பஸ்ஸில் போனேன்" என்பது ஒருமுறை நடந்தது. "ஆறாவது படிக்கும்போது பஸ்ஸில் போவேன்" என்பது தினமும் நடந்தது. முன்னதற்கு பிரெஞ்சில் 'பஸே கொம்போஸே', பின்னதற்கு 'ஏம்பர்ஃபே'. பக்கம் பக்கமாக விதி எழுதிப் போடுகிறார்களே, அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி 'போனேன், போவேன்' என்ற இரண்டு தமிழ்ச் சொற்களில் அடங்கிவிடுகிறது!

ஒரு பொறியும் உண்டு. 'ஜெ பஸே ல பாக்' என்று ஒரு பிரெஞ்சு மாணவன் சொன்னால் உடனே கைகுலுக்கி விடாதீர்கள். பள்ளி இறுதித் தேர்வை எழுதினான் என்றுதான் அர்த்தம், பாஸானான் என்று இல்லை. பாஸானதைச் சொல்ல 'ரேயுஸி' என்ற சொல் வேண்டும். எழுதுவதற்கும் ஜெயிப்பதற்கும் அந்த மொழியில் தனித்தனி வினை.

"இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், கட்ஆஃப் பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் தமிழை விட்டுவிட்டு எடுத்த பாடம் இது. மார்க் ஷீட்டில் ஏறிய பிறகு அதுவும் மறந்துபோனால் கையில் மிஞ்சுவது என்ன? தினமும் ஐந்தே வரி, அன்றைய பள்ளிக்கூடக் கதையை பிரெஞ்சில் எழுத வைத்தால் போதும். சொந்தக் கதை என்றால் யாருக்கும் மறக்காது. பரீட்சையில் வந்தாலும் எழுதிவிடலாம்.

இல்லையென்றால் 'பஸே' மட்டும்தான் நடக்கும், 'ரேயுஸி' நடக்காது.