பட்டனைத் தட்டினா பாலே வருமா?

வீடியோ கேமில் பாலே ஆடும் பாத்திரத்தைப் பார்த்து, "அசல் மாதிரியே இருக்குடா!" என்கிறோம். விரல் நுனியில் நிற்பதும் கை வளைவும் சரிதான். ஆனா என் கட்சி வேறு. போஸைப் பார்க்காதீங்க, முழங்காலைப் பாருங்க!

பாலேயில் தாவும் முன் முழங்காலை மடக்குவார்கள். பெயர் பிளியே. தாவும் விசை அங்கேதான் பிறக்கிறது. இறங்கும்போது அதுவே ஷாக் அப்சார்பர். கேமிலோ பட்டனை அமுக்கிய உடனே பாத்திரம் பறக்கணும், தாமதித்தால் நமக்கு எரிச்சல். அதனால் முதலில் வெட்டுப்படுவது பிளியேதான்.

1895-ல் 'ஸ்வான் லேக்' பாலேயில் பியரினா லெக்னானி ஒற்றைக் காலில் தொடர்ந்து 32 ஃபூஎத்தே சுற்றினார். அந்தச் சொல்லுக்கே சாட்டையால் அடித்தது என்றுதான் பொருள். ஒவ்வொரு சுற்றிலும் குதிகால் இறங்கி, முழங்கால் மடங்கி, மற்றக் கால் வீசினால்தான் அடுத்த சுற்று. பல கேம்களில் சும்மாவே சுற்றுகிறார்கள். பம்பரத்துக்கே சாட்டை வேணுமே!

2016-ல் வந்த 'பவுண்ட்' கேமில் நிஜ நடனக் கலைஞரின் அசைவை மோஷன் கேப்சர் செய்து இளவரசிக்குக் கொடுத்தார்கள். பாராட்டலாம்.

நாளை அனிமேஷன், புரோகிராமிங் பக்கம் போகும் தோழர்களே! பிளியேக்கு நாலு ஃபிரேம் ஒதுக்குங்கள். வருஷக்கணக்கில் உழைத்த கால்களுக்கு நாம் தரும் மரியாதை அதுதான்.