ஒரு மணி நேரம் வேலை செய்தால் போதும்!

நாட்டின் வேலையின்மை விகிதம் 3 விழுக்காட்டையொட்டி இருக்கிறது என்று வானொலியில் சொன்னால் போதும், போர்ட் கிள்ளான் பக்கமிருந்து ஓர் அழைப்பு வந்துவிடும். “அக்கா, என் தம்பி டிகிரி முடிச்சிட்டு வாரத்துக்கு ரெண்டு நாள் சாப்பாடு டெலிவரி பண்றான். அவன் அந்த 3-இல் இருக்கானா?”

இல்லை. கணக்குப்படி அவர் வேலையில் இருப்பவர்.

மலேசியப் புள்ளிவிவரத் துறை மாதந்தோறும் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து ஆய்வு நடத்துகிறது. 15 முதல் 64 வயதுக்குட்பட்டவர்களில், அந்த ஆய்வு வாரத்தில் ஒரு மணி நேரமாவது சம்பளத்துக்கோ லாபத்துக்கோ உழைத்தவர் வேலையில் இருப்பவர். அப்பாவின் கடையில் சம்பளம் வாங்காமல் நிற்கும் மகனும் இதில் சேர்த்தி. இது நாம் கண்டுபிடித்த அளவுகோல் அல்ல. 1982-இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் புள்ளிவிவர மாநாடு ஏற்றுக்கொண்டது. சின்ன வேலையும் விடுபடக் கூடாது என்பதே நோக்கம்.

அப்படியானால் வேலையில்லாதவர் யார்? வேலை இல்லாமல், கிடைத்தால் செய்யத் தயாராக, தேடிக்கொண்டும் இருப்பவர். “எங்கே கிடைக்கப் போகிறது” என்று தேடுவதை விட்டவரையும் நம் நாடு இதில் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் இல்லத்தரசிகள், மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

இங்கேதான் கவனம் தேவை. ஒரு தாமானில் 66 பேர் வேலையில் இருக்கிறார்கள், 4 பேருக்கு வேலை இல்லை என்று வைத்துக்கொள்வோம். 70-இல் 4, அதாவது 5.7 விழுக்காடு. அந்த நால்வரில் இருவர் பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருந்துவிட்டால்? 68-இல் 2, அதாவது 2.9 விழுக்காடு. ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை; விகிதம் மட்டும் பாதியாகிவிட்டது!

அதற்காக அந்த எண் பொய் என்று சொல்ல மாட்டேன். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், 2020 மே மாதம், அது 5.3 விழுக்காடாக ஏறியது; 8 லட்சத்து 26 ஆயிரம் பேருக்கு வேலை இல்லை. அடி விழுந்ததை அந்த எண் காட்டத்தான் செய்தது. எல்லா வலியையும் அது ஒன்றே காட்டாது, அவ்வளவுதான்.

அதனால் அடுத்த முறை செய்தியில் இன்னும் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று, போதிய வேலை கிடைக்காமல் வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கும் குறைவாக உழைப்பவர்கள். மற்றொன்று, உயர்கல்வி முடித்தும் படிப்புக்குக் குறைந்த வேலையில் இருப்பவர்கள். வேலையிலுள்ள பட்டதாரிகள், டிப்ளோமாதாரர்களில் மூவரில் ஒருவருக்கும் மேல் இந்த நிலைதான். வாரத்துக்கு இரண்டு நாள் டெலிவரி செய்யும் தம்பிகளை அங்கேதான் தேட வேண்டும்.

ஆய்வு அதிகாரி உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், கௌரவம் பார்த்து “மகன் நல்ல வேலையில் இருக்கிறான்” என்று முடித்துவிடாதீர்கள். எத்தனை மணி நேரம், என்ன வேலை, இன்னும் வேலை வேண்டுமா, எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள். தனிப்பட்ட விவரங்களை 1965-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சட்டம் காக்கிறது. நாம் மறைத்தால், நம் பிள்ளைகளின் குறை எந்தக் கணக்கிலும் ஏறாது.