நூற்றுக்கு 80: மகளின் வரவும் வீட்டின் பொறுப்பும்



உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியாகி, மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது என்று உறுதியாகும் நாளில் எருக்கலம்பிட்டியானாலும் சரி, தாராபுரமானாலும் சரி, சிலாவத்துறையானாலும் சரி, அந்த வீட்டில் அடுப்பு அணைவதில்லை. மாமி வருவார், சாச்சி வருவார், பள்ளிக்கூட ஆசிரியை வருவார். வாப்பா கடனோ உடனோ வாங்கிப் பெட்டியும் போர்வையும் வாங்கி வருவார். உம்மா கருவாட்டுச் சம்பலும் மாசித்தூளும் போத்தலில் அடைத்துக் கொடுப்பார். பிள்ளை எங்கே தங்குவாள், யாரோடு போவாள், என்ன சாப்பிடுவாள் என்று எல்லாவற்றையும் விசாரிப்போம். ஒன்றை மட்டும் விசாரிப்பதில்லை: அங்கே எத்தனை நாள் வகுப்பில் இருந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள்?

இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான பீடங்களில் விதி ஒன்றுதான். நடந்த விரிவுரைகளில் நூற்றுக்கு 80 பங்குக்காவது வந்திருக்க வேண்டும். குறைந்தால் அந்த அரையாண்டின் இறுதிப் பரீட்சைக்குத் தகுதியில்லை. பல பீடங்களில் இது மொத்தமாகப் பார்க்கப்படுவதும் இல்லை. பாடத்துக்குப் பாடம் தனித்தனியாகப் பார்க்கப்படுகிறது. நான்கு பாடத்துக்கு ஒழுங்காகப் போய், ஐந்தாவதில் குறைந்துவிட்டால் அந்த ஐந்தாவது பாடம் போய்விடும்.

“80 தானே, 20 மிச்சம் இருக்கிறதே” என்று தோன்றும். அந்த 20 எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அரையாண்டில் கற்பித்தல் நடப்பது சுமார் 15 வாரம். ஒரு பாடம் வாரத்துக்கு ஒரு நாள், ஒரே அமர்வாக நடந்தால் மொத்தம் 15 வகுப்பு. அதில் 12க்குப் போயே ஆக வேண்டும். விடக்கூடியது மூன்றே மூன்று. நான்காவதை விட்டால் 15க்கு 11, அதாவது 73 சதவீதம். கதை முடிந்தது!

இனி மன்னாரிலிருந்து ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன ஒரு பிள்ளையை நினைத்துக் கொள்ளுங்கள். நாட்டின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு அவள் பயணம். மதவாச்சி, அனுராதபுரம், பொலன்னறுவை, மட்டக்களப்பு, கல்முனை என்று பஸ் மாறி மாறிப் போனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். வியாழக்கிழமை சாச்சியின் மகளுக்குக் கல்யாணம். “ஒரு நாள்தானே, வந்துட்டுப் போ மகள்” என்று உம்மா தொலைபேசியில் சொல்கிறார். அது ஒரு நாளா? புதன்கிழமை வரும் பயணம், வியாழன் கல்யாணம், வெள்ளிக்கிழமை திரும்பும் பயணம். அந்த மூன்று நாளும் எந்தெந்தப் பாடம் உண்டோ அத்தனையிலும் ஒவ்வொரு வகுப்புக் குறைந்துவிட்டது. வலீமாவுக்கும் நின்று போ என்றால் இன்னும் மோசம்.

இப்படி ஓர் அரையாண்டில் ஒரு கல்யாணம், ஒரு குடிபூரல், ஹஜ்ஜுக்குப் போகும் பெரியம்மாவை வழியனுப்புதல் என்று மூன்று தடவை வந்து போனால் கைவசம் இருந்த மூன்றும் தீர்ந்தது. அதற்குப் பிறகு அவளுக்குக் காய்ச்சல் வரக் கூடாது. மழையில் பாதை மூடக் கூடாது. பஸ் பழுதாகக் கூடாது. இதெல்லாம் நம் கையிலா இருக்கிறது?

வரவு குறைந்தால் என்ன நடக்கும்? அந்தப் பாடத்தை அடுத்த தடவை அது நடக்கும்போதுதான் எழுதலாம். பெரும்பாலும் அது ஒரு வருடம் கழித்து, தனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளோடு. அப்போதும் அது மீள்பரீட்சையாகவே கணக்கிடப்படும். எவ்வளவு திறமாக எழுதினாலும் ‘சி’ தரத்துக்கு மேல் கொடுப்பதில்லை என்பது பல பீடங்களின் விதி. ‘ஏ’ தரத்துக்கு 4 புள்ளி, ‘சி’ தரத்துக்கு 2 புள்ளி. சம எடையுள்ள 40 பாடம் படிக்கும் ஒரு பிள்ளைக்கு ‘ஏ’ வரவேண்டிய ஒரே ஒரு பாடம் ‘சி’யாகிவிட்டால் மொத்தச் சராசரியில் 0.05 குறையும். முதல் வகுப்புச் சித்திக்குப் பல பீடங்களில் 3.70 வேண்டும். 3.72 எடுத்திருக்க வேண்டியவள் 3.67இல் நிற்பாள். மீள்பரீட்சை எழுதியவருக்கு வகுப்புச் சித்தியே கிடையாது என்று வைத்திருக்கும் பீடங்களும் உண்டு. நாளைக்கு விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கும்போது அந்த வித்தியாசம்தான் முன்னால் வந்து நிற்கும்.

மகாபொலப் பணமும் இதோடு தொடர்புபட்டது. 1981ஆம் ஆண்டு லலித் அத்துலத்முதலி அமைச்சராக இருந்தபோது தொடங்கிய இந்தப் புலமைப்பரிசில், வசதி குறைந்த ஆயிரமாயிரம் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கியிருக்கிறது. படிக்க வருகிற பிள்ளைக்குத்தான் அது. ஒழுங்காக வராதவர்களின் தவணையை நிறுத்தி வைக்கலாம். மீனவக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தப் பணம் நின்றால் தங்குமிட வாடகையும் நின்றுவிடும்.

நம் மாவட்டத்துக்கு இந்த இடம் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் சகோதரிகள் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடம் நாடு தழுவிய திறமை அடிப்படையில் போகிறது. 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில் பகிரப்படுகிறது. மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் மன்னாரும் ஒன்று. மன்னாரின் சனத்தொகை சிறியது. ஆகவே நமக்கு வரும் இடங்களும் கொஞ்சம். ஒரு பிள்ளை இடைநடுவில் விட்டுவிட்டு வந்தால் அந்த இடம் அவளுக்கும் இல்லை, அவளுக்கு அடுத்த புள்ளி எடுத்து வெளியே நின்ற இன்னொருத்தியின் மகளுக்கும் இல்லை. ஒரு தடவை பதிவு செய்தவர், பிறகு புதிதாக விண்ணப்பித்து வேறு பாடநெறிக்கு வரவும் முடியாது.

வகுப்புக்குப் போக முடியாமற்போவது என்றால் என்னவென்று நம் சமூகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 அக்டோபர் இறுதியில் வடபுல முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவின் மக்கள் படகுகளில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். வடக்கு முழுவதிலுமாக எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். பள்ளிக்கூட இடாப்பில் பெயர் அங்கே இருக்க, பிள்ளை இங்கே ஓலைக் கொட்டிலில் இருந்தாள். அந்த அகதி முகாம்களிலும் மாலை நேர வகுப்புகளிலும் படித்துத்தான் ஒரு தலைமுறை மேலே வந்தது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம்கூட, போர்க்காலத்தில் முஸ்லிம் மாணவர்களின் படிப்புத் தடைப்பட்டதால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் பல்கலைக்கழகமானது. அன்று நம்மை வகுப்பிலிருந்து பிரித்தது துப்பாக்கி. இன்று பாதை இருக்கிறது, பாலம் இருக்கிறது, பக்கத்தில் வவுனியாவிலும் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இப்போது நம் பிள்ளையை வகுப்பிலிருந்து பிரிப்பது நம் வீட்டு அழைப்பாக இருக்கலாமா?

இதைச் சொல்வதால் உறவை வெட்டிவிட்டுப் படி என்று சொல்வதாக எண்ண வேண்டாம். வீட்டில் மவ்த் என்றால் பிள்ளை வரத்தான் வேண்டும். உம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தால் வரத்தான் வேண்டும். அப்படிப்பட்ட நாளுக்காகத்தான் அந்த மூன்று வகுப்பையும் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்கிறோம். சந்தோஷத்துக்குச் செலவழித்துவிட்டால் துக்கத்துக்குக் கையில் ஒன்றும் இருக்காது. கல்யாணத் தேதியை நாம்தானே குறிக்கிறோம்? மண்டபம் கிடைக்கிறதா, மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து எப்போது வருகிறார் என்று பார்க்கிற நாம், பல்கலைக்கழக விடுமுறை எப்போது என்றும் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

பிள்ளைகள் வகுப்புக்குப் போகாமல் இருப்பதற்கு வீடு மட்டும் காரணமில்லை. முதல் வருடத்தில் பகிடிவதைக்குப் பயந்து அறைக்குள் கிடக்கும் பிள்ளைகள் உண்டு. “காய்ச்சல்” என்று வீட்டுக்கு வந்தவள் ஒரு வாரமாகியும் திரும்பிப் போக மனமில்லாமல் இருந்தால் உம்மா அதட்டக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். பகிடிவதையைத் தண்டிக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவ ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பிள்ளை வகுப்பைக் கைவிடுவதற்கு முன் அவர்களிடம் பேச வேண்டும்.

இன்னொரு தவறும் நடக்கிறது. “நீ போ, நான் உனக்கும் சேர்த்துக் கையெழுத்து வைக்கிறேன்” என்று கூட்டாளி சொல்வாள். இது உதவியல்ல. வராதவள் வந்ததாக எழுதுவது பொய். பிடிபட்டால் இருவருக்கும் ஒழுக்காற்று விசாரணை. நம் பிள்ளைகள் இதைச் செய்யக் கூடாது என்று முதல் நாளே சொல்லி அனுப்புங்கள்.

விதியே சரியா என்ற கேள்வியும் நியாயமானதுதான். இந்தியாவிலும் இதேபோல 75 சதவீதம் என்ற விதி பல இடங்களில் உண்டு. 2016இல் தில்லியில் வரவு குறைந்ததால் பரீட்சை மறுக்கப்பட்ட ஒரு சட்டக் கல்லூரி மாணவர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். அந்த வழக்கில் 2025 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், வரவுக் குறைவை மட்டும் காரணம் காட்டிச் சட்ட மாணவரைப் பரீட்சை எழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வாராவாரம் வரவு விபரத்தை மாணவருக்கு அறிவிக்க வேண்டும், குறைந்தால் மாதந்தோறும் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும், மேலதிக வகுப்பு நடத்த வேண்டும் என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதிலுள்ள நியாயம் எல்லா நாட்டுக்கும் பொது. பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது “உனக்கு 74 சதவீதம்” என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதால் யாருக்கு என்ன பயன்? ஏழாவது வாரத்தில் சொல்லியிருந்தால் அவள் திருந்தியிருப்பாளே! நம் பல்கலைக்கழகங்களும் இதைச் செய்ய வேண்டும்.

அது நடக்கும் வரை நாம் செய்யக்கூடியவை சில:

1. முதல் வாரமே மாணவர் கையேட்டை வாங்கி, வரவு பற்றிய பக்கத்தை மகளை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். பீடத்துக்குப் பீடம் விதி வேறுபடும்.

2. அவளுடைய நேரசூசியின் பிரதி ஒன்று வீட்டுச் சுவரில் இருக்கட்டும். விடுமுறைக் காலமும் அதில் குறிக்கப்படட்டும். தவறவிட்ட வகுப்பை அவளே பாடவாரியாக ஒரு கொப்பியில் எழுதி வரட்டும்.

3. சுகமில்லை என்றால் அன்றே பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடமோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ காட்டிச் சான்றிதழ் எடுக்க வேண்டும். தனியார் மருத்துவரின் துண்டை எல்லா இடத்திலும் ஏற்பதில்லை. குறித்த நாட்களுக்குள் பீடத்தில் ஒப்படைக்கவும் வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்டால், தவறிய பரீட்சையை அடுத்த முறை முதல் தடவையாகவே எழுதலாம். ‘சி’ என்ற வரம்பு வராது.

4. படிக்கும்போதே நிக்காஹ் நடந்தால் படிப்பு தொடரும் என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி முடியுங்கள். பிள்ளைப்பேறு, நீண்ட நோய் போன்றவற்றுக்குச் சொல்லாமல் நின்றுவிடாமல், முன்னதாகவே பீடாதிபதிக்கு எழுத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற்றால் இடம் பறிபோகாது.

5. எந்த வகையிலும் நாள்தோறும் போய்வர முடியாத சகோதரிகளுக்கு 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. வீட்டிலிருந்தபடி பெரும்பகுதியைப் படிக்கலாம்.

சகோதரிகளே, வரவேட்டில் கையெழுத்து வைப்பது மகள்தான். ஆனால் “வா” என்று அழைக்கும் குரலும், “வேண்டாம் மகள், வகுப்பை முடிச்சுட்டு விடுமுறைக்கு வா, உன் பங்குச் சாப்பாடு உனக்கு இருக்கும்” என்று சொல்லும் குரலும் உம்மாவுடையவை. அடுத்த முறை தொலைபேசியை எடுக்கும்போது, “எப்ப வாற?” என்று கேட்பதற்கு முன்னால், “இந்தக் கிழமை வகுப்பு எப்படி?” என்று கேளுங்கள்.