ஆடும் பல் வயதின் குற்றமா?



"பல் ஆடுதா? வயசாயிடுச்சு, அப்படித்தான்!" பிரட்டுக்களத்தில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு நமக்குச் சலித்துவிட்டது. நாற்பத்தைந்து வயதில் கடைவாய்ப் பல் உதிர்வது எந்த ஊர் முதுமை?

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டின் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியரை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு! ஆடும் பல்லின் காரணத்தை அங்கே தேடவேண்டும்.

இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் ஈறுக்குப் போகும் நுண்குழாய்கள் கெடுகின்றன. கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் சோர்ந்துபோகின்றன. வாய் உலர்கிறது. ஈறு சிவந்து வீங்கி, துலக்கும்போது இரத்தம் கசிந்து, கடைசியில் பல்லைத் தாங்கும் எலும்பே கரைகிறது. பெரும்பாலும் வலியே இராது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். இனிப்புநீர் கட்டுக்கு அடங்காதவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. மறுபக்கமும் உண்டு: ஈறு புண்பட்டிருந்தால் சர்க்கரையும் எளிதில் இறங்காது. ஈறுக்கு வைத்தியம் பார்த்தால் மூன்று, நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 புள்ளி குறைவதை 2022இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது.

டின் பாலும் மூன்று கரண்டி சீனியும் போட்ட தே இல்லாமல் மரத்தடிக்குப் போகாதவர்கள் நாம். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பல்லுக்கு லீவு கேட்டால் சிரிக்கிற நிர்வாகங்களை என்ன சொல்ல? "பல்லுக்கெல்லாம் எம்.சி. கிடையாது" என்பது பச்சைப் பொய்! 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவின்படி பல் மருத்துவர் தரும் சான்றுக்கும் சம்பளத்தோடு லீவு உண்டு. இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு வருடம் 14 நாள், ஐந்தாண்டு வரை 18, அதற்கு மேல் 22. 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். இதில் தவறினால் சட்டம் நம் பக்கம் நிற்காது.

கிராணிமார்களே! பல் மருத்துவரின் சான்றோடு வருகிறவர் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று எழுதும் பேனா உங்கள் கையில் இருக்கிறது. அவ்வாறு எழுதச் சொல்லுகிறவரிடம், எந்தச் சட்டப்படி என்று கேளுங்கள்.

ஜாசினோ, அலோர் காஜாவோ, மெர்லிமாவோ, இனிப்புநீர் மருந்துக்காகக் கிளினிக்கிற்குப் போகும் அடுத்த முறை வாயைத் திறந்து ஈறைக் காட்டுங்கள். பல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கடிதம் கேளுங்கள். சான்றை ஏற்க மறுக்கும் தோட்டம் எதுவானாலும், அந்தச் சான்றின் நகலோடு சங்கக் கிளைக்கு வாருங்கள்.